பொந்து வாசலில் கிப்

— நாயோட வாய்க்கூட்டைக் கழட்டவா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு கண்ணு. பாவம், வேன்ல ஏறினதுலேருந்து எச்சில் ஒழுகிக்கிட்டே வர்றான்.

— கழட்டுங்க. இன்னிக்கு வாய்க்கூடு இல்லாமத்தான் பார்க்கணும். அப்புறம், கண்ணுன்னு கூப்பிடாதீங்க மிஸஸ் எமர்சன். எனக்கு வயசு முப்பத்தி நாலு.

— எங்கடைக்கு வர்ற பல்லு போன கிழவனுங்களையே அப்படித்தான் கூப்பிட்டிருக்கேன். மீனு வறுத்து வித்தவ வாய்ல வேற என்ன வரும்? மேவிஸ்னு கூப்பிடுன்னு நானும்தான் சொல்லிப் பார்த்தேன், நீ கேட்டியா? வா கிப், தலையைக் காட்டு. ஆங். மூஞ்சியைப் பாரு, ஜெயில்லேருந்து விட்டு வந்தவன் மாதிரி.

— இப்ப கொஞ்சாதீங்க. கொஞ்சினா விளையாட வந்திருக்கோம்னு நினைச்சுக்குவான். கயிறு கையில இருக்கட்டும்.

— இருக்கு இருக்கு. அந்தப் பெட்டியைக் குடு, நான் தூக்கிட்டு வரேன்.

— பெட்டியைத் தொடாதீங்க.

— சரிம்மா, தொடல.

— வலைப்பையை எடுத்துக்குங்க. இந்தக் கரைல இருக்கற ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு வலை விரிக்கணும். மெதுவா நடங்க, தரை அதிர்ந்தா உள்ள இருக்கற முயலுக்குத் தெரிஞ்சிடும். பேச்சையும் குறைச்சுக்குங்க.

— எவ்வளவு குறைக்கணும்?

— உங்களால முடிஞ்ச அளவு.

— அப்ப கொஞ்சூண்டுதான். ஏன் ஹெஸ்டர், இந்தச் சுவர் ஏன் இப்படி வயிறு தள்ளி நிக்குது?

— முயல்தான். அடியில குடைஞ்சு குடைஞ்சு கல்லெல்லாம் இறங்கிடுச்சு. பண்ணைக்கார பெயின்பிரிட்ஜ் போன வருஷம்தான் செலவு பண்ணிக் கட்டினார். ஆடு குட்டி போடறதுக்குள்ள இங்க மந்தையை விடணும்னு என்னைப் போட்டு அரிக்கிறார். இந்த முனையை அழுத்திப் பிடிங்க, நான் முளை அடிக்கிறேன். விரலைச் சுருக்குல விடாதீங்க.

— இப்படியா?

— ம். பரவாயில்ல.

— அடேங்கப்பா. உங்கிட்டேருந்து 'பரவாயில்ல'! உங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லணும்.

— அடுத்த பொந்துக்கு வாங்க.

— முதல் நாள் உன் ஃபெரட்டைப் பார்த்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு எலியை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்து நீட்டிவிட்ட மாதிரி.

— எலி இல்ல அது, கீரி மாதிரி ஒரு ஜாதி; பொந்துக்குள்ள புகுந்து முயலை வெளில விரட்டறது அதோட வேலை. எலின்னு நினைக்கறதுதான் உங்க நாய்கிட்ட இருக்கற கோளாறே.

— அவன் என்ன பண்ணுவான் பாவம்? கடைக்குப் பின்னாடி எலி பிடிச்சப்பல்லாம் ராஜா, சிங்கம்னு சொல்லி நாந்தான் மீன் தோல் குடுத்தேன். இப்ப திடீர்னு, அதே உசரத்துல, அதே மாதிரி தரையோட தரையா ஓடற ஒண்ணைக் காட்டி, இதை மட்டும் தொடாதேடான்னா, அவனுக்குத் தலை சுத்தாதா?

— குட்டியா இருந்தப்பவே கொண்டு வந்திருந்தா தானா பழகியிருக்கும். வளர்ந்த டெரியர் நாயைக் கொண்டுவந்து ஃபெரட் இருக்கற வீட்டுல விடறதுன்னா சும்மா இல்ல.

— வளர்ந்த பொம்பளையைக் கொண்டுவந்து விடறதும் சும்மா இல்லதான். என்ன பண்றது, குட்டியில உங்க அப்பா கண்ணுல நான் படல.

— நான் நாயைப் பத்திப் பேசறேன்.

— நானும் நாயைப் பத்தித்தான் பேசறேன். முளையைக் குடு.

— ...கேலியெல்லாம் இருக்கட்டும். நான் சொன்னபடிதானே எல்லாம் செஞ்சீங்க?

— அட்சரம் பிசகாம. நீ இரவல் குடுத்த வெள்ளை ஃபெரட், அந்த டெய்சியோட கூண்டை இவன் படுக்கைகிட்ட வச்சேன். வாசனை பழகற வரைக்கும் முகத்துக்கு முகம் காட்டல. காலைல இவனைக் கால் ஓயற வரைக்கும் நடத்திட்டு வந்து, அப்புறம்தான் டெய்சியைக் கையில எடுத்தேன். முதல்ல அவ முதுகுப் பக்கம் மட்டும். இவன் முறைச்சுப் பார்த்தா ஒண்ணுமில்ல, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா ஒரு துண்டு மீன் தோல். அப்புறம் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தட்டு. என் தங்கச்சி சொல்றா, எம்பிள்ளைங்களைக் கூட நான் இப்படி வளர்க்கலடின்னு.

— நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. போன ஞாயித்துக்கிழமை எங்க முற்றத்துல டெய்சி அவன் மேல ஏறி இறங்கினப்பவே தெரிஞ்சுது.

— உங்க அப்பா ஒரு வழி சொன்னார். அவர் காலத்துல ஃபெரட்டை விட்டு நாய் மூக்குல ஒரு கடி கடிக்க விடுவாங்களாமே, அதோட நாய் அடங்கிடுமாம்.

— அந்தக் காலத்து மடத்தனம். டெரியர் மூக்குல கடி பட்டா அடங்காது, மனசுல வச்சுக்கும். என்னிக்காவது ஒருநாள் திருப்பிக் குடுக்கும்.

— நான் அவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். முதல்ல உங்க மூக்கைக் குடுங்க பார்க்கலாம்னு.

— அப்பா என்ன சொன்னார்?

— டீ போட்டார். எது கேட்டாலும் டீதானே போடுவார். கேக் வேணுமா? பாலாடைக்கட்டியும் வெட்டி எடுத்துட்டு வந்திருக்கேன்.

— அப்புறமா.

— காலைல ஒண்ணும் சாப்பிடலியா? மூஞ்சி வெளிறிக் கிடக்கே.

— குளிருது. அவ்ளோதான்.

— ஹெஸ்டர், உங்கிட்ட இன்னொரு ஃபெரட்டும் இருக்கே. கறுப்பு மூஞ்சி. ஐவி. அவளைப் பத்தி நீ வாயே திறக்கறதில்ல.

— ஐவி அம்மாவோடது.

— தெரியும்.

— தெரியும்னா கேக்கறதுக்கு என்ன இருக்கு? அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் அது அம்மா ஸ்வெட்டர் கைக்குள்ளதான் தூங்கும். அம்மா போனதுக்கப்புறம் ரொம்ப நாள் எங்கிட்ட கூட வரல. அந்த ஸ்வெட்டரைக் கூண்டுல போட்டாத்தான் சாப்பிடும்.

— ம்.

— உங்க நாய் வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் அதைக் கொட்டகைல பூட்டி வச்சிருந்தேன். கேக்கறீங்களே, அதுக்காகச் சொல்றேன். வெள்ளைக்குப் பழகின நாய் கறுப்பைக் கண்டா, அதுவும் இதுவும் ஒண்ணுன்னு நினைக்காது. ஏதோ காட்டு ஜந்துன்னு நினைச்சு ஒரே கடியில முடிச்சிடும். மேட்டுப் பண்ணை ஜெர்வாஸ்கிட்ட ஒரு நாய் இருந்துச்சு, தங்கமான நாய். வெள்ளை ஃபெரட்டோட ஒரே வைக்கோல்ல படுத்துத் தூங்கும். ஒருநாள் கடன் வாங்கின கறுப்பு ஃபெரட்டை உள்ள விட்டாங்க. அது முயல் ரத்தத்தோட வெளில வந்துச்சு, முடிஞ்சுது கதை. நாய் வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது, பாராட்டுவாங்கன்னு.

— அப்ப கறுப்புக்குத் தனியாப் பழக்கணும்.

— ஆமா. அது தனிப் பாடம்.

— அந்தப் பாடம் எப்ப?

— பார்க்கலாம். இன்னிக்கு டெய்சியோட இந்தக் கரை. முதல்ல இதுல தேறட்டும்.

— தேறலன்னா?

— தேறலன்னா என்னன்னு அப்பா உங்ககிட்ட சொல்லியிருப்பாரே.

— சொன்னார். ஒரு ஃபெரட் மேல பல்லு பட்டாலும் இந்த நாயும் இல்ல, நானும் இல்ல.

— கோபத்துல சொன்னது இல்ல அது. எஸ்டேட் குடுத்த வீடு. முயல் பிடிக்கிற ஆளுக்குத்தான் அந்த வீடு. அப்பாவுக்கு முட்டி போனதும் வேலை எம் பேருக்கு வந்துடுச்சு. ஃபெரட் இல்லன்னா வேலை இல்ல, வேலை இல்லன்னா கூரை இல்ல.

— நான் தப்புன்னு சொன்னேனா?

— நாயை உங்க தங்கச்சி வீட்டுல விட்டுட்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் வேண்டியதே இல்ல.

— அது மட்டும் நடக்காது. எம் புருஷன் பெட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு அந்தக் காலிக் கடைல எங்கூட உட்கார்ந்திருந்தது இவன் ஒருத்தன்தான். உங்க அப்பா முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன், நாங்க ஜோடியாத்தான் வருவோம்னு. அவரும் உன்னை விட்டுட்டு எங்கயும் வரமாட்டார், நானும் வாங்கன்னு கேக்க மாட்டேன். கடையையும் வித்தாச்சு. ஆக மொத்தம் இன்னிக்கு என் கல்யாணம் இவன் வாய்ல இருக்கு. இப்படி ஒரு பொழப்பு.

— உஷ். அவனைப் பாருங்க.

— என்ன பண்றான்? ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டு...

— காட்டிக் குடுக்கறான். அந்தப் பொந்துல முயல் இருக்கு. இதை யார் சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்ல. அவன் மூக்கு, அவன் வேலை.

— நல்ல மூக்குதான்.

— இன்னொரு தரம் சொல்லு, அவனுக்குக் கேக்கல.

— சொல்ல மாட்டேன். அவனைக் கூட்டிட்டு அந்த முள்மரத்துப் பக்கம் போங்க. பொந்துக்கு நேரா நிக்காதீங்க, ஒதுங்கி நில்லுங்க. நான் உள்ள விடறேன்.

— எதுக்கு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டு விடறே?

— காத்து அடிக்குது. ...போயாச்சு. ஃபெரட் கழுத்துப் பட்டையில சின்ன ரேடியோ இருக்கு, எங்க போகுதுன்னு இந்தக் கருவி சொல்லும். இனிமே பேசாதீங்க.

— சரி.

— ...

— ஹெஸ்டர், காலு மரத்துப் போச்சு.

— உஷ்.

— மழை வர்ற மாதிரி...

— நீங்க இப்படியே பேசிக்கிட்டிருந்தீங்கன்னா முயலெல்லாம் உள்ளயே உட்கார்ந்து உங்க கதையைக் கேக்கும். ஒண்ணும் வெளில வராது.

— கடைல கூட்டமா இருந்தாத்தான் எனக்குப் பேசாம இருக்க வரும். அது என்ன, தரைக்குள்ள தொம் தொம்னு?

— முயல் காலை அடிக்குது. மத்ததுக்கெல்லாம் சேதி சொல்லுது. வரும் இப்ப. கயிறைக் கெட்டியாப் பிடிங்க.

— ஐயோ!

— அசையாதீங்க, நான் பார்த்துக்கறேன்! ...ஆச்சு. முடிஞ்சுது.

— இவ்வளவு சீக்கிரமாவா?

— கழுத்துல ஒரே இழு. துடிக்க விடக் கூடாது. இன்னொண்ணும் அந்தக் கோடில விழுந்திருக்கு, இருங்க. ...ஆச்சு. கிப் என்ன பண்றான்?

— உட்கார்ந்திருக்கான். உடம்பெல்லாம் நடுங்குது, ஆனா உட்கார்ந்திருக்கான். என் தங்கம்டா நீ.

— கொஞ்சாதீங்கன்னேன்ல? இப்பதான் முக்கியம். அந்தச் சின்னப் பொந்து தெரியுதா, அது ஒண்ணை மட்டும் வலை போடாம விட்டு வச்சிருக்கேன்? வேலை முடிஞ்சா ஃபெரட் அது வழியாத்தான் வரும். அவனை அங்க கொண்டு போய் உட்கார வைங்க. கயிறை அவிழ்த்துடுங்க.

— அவிழ்க்கணுமா? தளர்த்தி விட்டாப் போதாதா?

— கயிறு இருக்கற வரைக்கும் நாய் உங்க கைக்குத்தான் அடங்குது. அவிழ்த்தாத்தான் அது மனசுல என்ன இருக்குன்னு தெரியும்.

— நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா ஹெஸ்டர்?

— ஏன், பயமா இருக்கா?

— எனக்கு இல்ல. ...இந்தா, அவிழ்த்துட்டேன்.

— ...

— கருவி என்ன சொல்லுது?

— முள்மரத்துக்குக் கீழ. மேல ஏறுது.

— அப்ப கிட்ட வந்துட்டா.

— மிஸஸ் எமர்சன்.

— என்ன?

— ஒண்ணுமில்ல.

— சொல்லு.

— கயிறை மறுபடி கட்டிடுங்களேன்.

— இப்பதானே அவிழ்க்கச் சொன்னே?

— இன்னொரு நாள் பார்த்துக்கலாம். குளிரு அதிகமாயிடுச்சு, அவனும் களைச்சுப் போயிருக்கான். கட்டுங்க.

— மூக்கு தெரியுது.

— கட்டுங்கன்னா கட்டுங்க! மேவிஸ், பிடி அவனை! பிடி! ஐவி! ஐவி!

— கத்தாதே. கத்தினாத்தான் பாய்வான்.

— டெய்சி இல்ல அது! ஐவி! அம்மாவோடது! அவன் பார்த்ததே இல்ல, கொன்னுடுவான்!

— நின்ன இடத்துலயே நில்லு ஹெஸ்டர். ஓடி வராதே. கிப். விடு. ...விடு.

— என்னால பார்க்க முடியல.

— பாரு. நான் சொல்றேன்ல, கண்ணைத் திற. மோந்து பார்க்கறான். அவ மூஞ்சியெல்லாம் முயல் முடியும் ரத்தமும் ஒட்டிக்கிட்டிருக்கு, அதைத்தான் மோந்து பார்க்கறான். தலையைத் திருப்பிக்கிட்டான் பாரு. படுத்துட்டான். அவ ஏறறா. அவன் முன்னங்கால் மேல ஏறி, ஐயே, கழுத்துக்கடியில போய்ச் சுருண்டுக்கறா. குளிரு தாங்கல போல மகாராணிக்கு.

— ஐவி.

— போய்த் தூக்கு. மெதுவா.

— என்னால முடியல.

— அப்ப நான் தூக்கறேன். வாடி என் ராசாத்தி. எம்மாடி, என்ன கனம்! இந்தா, கோட்டைத் திற, உள்ள விட்டுக்கோ. அழு, பரவாயில்ல. இங்க யாரு இருக்கா பார்க்கறதுக்கு? ரெண்டு செத்த முயலும் ஒரு நாயும்தான்.

— உங்களைக் கடிக்கல.

— ஏன், கடிக்கணுமா?

— எங்க அம்மாவையும் என்னையும் தவிர யார் தூக்கினாலும் கடிக்கும். அப்பாவையே அண்ட விடாது.

— என் கையில மீன் வாசனை இருக்கும். இந்தச் சுவரோரமா உட்காரு. டீயைப் பிடி. சக்கரை நிறையப் போட்டிருக்கேன், மூஞ்சியைச் சுளிக்காமக் குடி. கிப், வாடா, இப்ப உன்னைக் கொஞ்சலாம். அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா.

— டெய்சி வீட்டுல இருக்கு.

— குடி முதல்ல.

— நான் சொல்லணும். காலைல கூண்டைத் திறந்து டெய்சியைத்தான் எடுத்தேன். எடுத்துட்டு மறுபடி உள்ள வச்சேன். வச்சுட்டு இவளை எடுத்தேன். கயிறை அவிழ்க்கச் சொன்னா அவன் பாய்ஞ்சிடுவான், நீங்களும் போயிடுவீங்க, நான் போகச் சொன்னதா ஆகாதுன்னு. அம்மா நாற்காலியில நீங்க உட்காருவீங்களேன்னு நினைச்சாலே எனக்கு வயிறு எரியும். அதுக்காக அம்மாவோடதைக் கொண்டுவந்து... சீ, நான் என்ன பொம்பளை?

— தெரியும் ஹெஸ்டர்.

— என்ன தெரியும்?

— பெட்டியில காத்துக்கு ஓட்டை வச்சிருக்கியே. வேன்ல வர்றப்பவே கறுப்பு மூக்கை அதுல வச்சு என்னை மோந்து பார்த்துக்கிட்டுத்தான் வந்தா.

— தெரிஞ்சுமா கயிறை அவிழ்த்தீங்க?

— கிப்புக்கு அவளை நல்லாத் தெரியும் கண்ணு.

— எப்படித் தெரியும்? நான் அவளைக் காட்டினதே இல்லயே!

— நீ மாட்டுச் சந்தை வேலைக்குப் போற நாளெல்லாம் உங்க அப்பா அவளைக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டு பஸ் ஏறி என் தங்கச்சி வீட்டுக்கு வந்துடுவார். ஒரு தரம் பஸ்ஸுலயே காலர் வழியா வெளில வந்துட்டாளாம். பக்கத்துல இருந்த பொம்பளை அலறி அடிச்சுக்கிட்டு இறங்கிடுச்சாம். அதான் அவருக்குக் கட்டைவிரல்ல அவ்வளவு பெரிய கட்டு.

— கதவு இடுக்குல நசுங்கிச்சுன்னு சொன்னார்.

— எந்தக் கதவுக்குப் பல்லு இருக்கு?

— அப்பாவா? முட்டி வலின்னு தபால் பெட்டி வரைக்கும் கூட நடக்க மாட்டார். ஐவியைக் கண்டா பத்தடி தள்ளி நிப்பார். உங்களைக் கட்டிக்கணும்னு இவ்வளவு பண்ணினாரா?

— நானும் அப்படித்தான் நினைச்சேன். இந்த வயசுல எனக்காக ஒருத்தர் கடி வாங்கிக்கிட்டு வர்றாரேன்னு பெருமையாக் கூட இருந்துச்சு. எனக்காகவான்னு அவர்கிட்டயே கேட்டேன். இல்லன்னுட்டார்.

— பின்ன எதுக்காம்?

— "நாயைச் சோதிக்கிற நாள் வர்றப்ப எம் பொண்ணு டெய்சியை விட்டுட்டு ஐவியைத்தான் எடுத்துட்டு வருவா. ஐவிக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் அவ தன்னையே மன்னிக்க மாட்டா. நம்ம கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காட்டாலும் சரி மேவிஸ், நாயை மட்டும் ஐவிக்குப் பழக்கிடு"ன்னார்.